உம்மா எங்களைக் கூட்டிப்போன இடங்கள்

நேர்சரி வாசலில் பிள்ளைகளை விட்டுவிட்டு, வருகிற ஞாயிறு எங்கே போகலாம் என்று நீங்கள் கூடிப் பேசும்போது நான் மட்டும் வாய் திறப்பதில்லை. கண்டக்குழிக் கடற்கரை என்கிறீர்கள், கற்பிட்டி என்கிறீர்கள், வேன் பிடிக்கலாம் என்கிறீர்கள். நான் ஏதாவது சாட்டுச் சொல்லி நழுவிவிடுவேன். பெருமைக்காரி என்று உங்களில் ஒருத்தி சொன்னதும் என் காதுக்கு வந்தது. பெருமை ஒன்றும் இல்லை. நீங்களும் என் வயதுக்காரிகள்தான். பாதிப் பேர் என்னைப்போல முகாமில் பிறந்து, முகாம் என்ற பெயர் போனபிறகும் அங்கேயே வளர்ந்தவர்கள். உங்களுக்குச் சொன்னால் விளங்கும் என்று நினைக்கிறேன்.

சண்டை முடிந்து பாதைகள் திறந்த காலம். எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து, தங்கச்சி உம்மாவின் இடுப்பில். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்த அந்த ஒரு காலம் முழுக்க உம்மா எங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே கூட்டிக்கொண்டு போனார். அதற்கு முன்னால் அப்படி ஒரு வழக்கம் எங்களுக்கு இருந்ததில்லை. நானும் தம்பியும் சொர்க்கம் கிடைத்ததுபோலக் குதித்தோம். சொந்தக்காரர்கள் உம்மாவுக்கு ஊர்சுற்றி என்று பெயர் வைத்தார்கள். உண்மை என்னவென்றால், எங்களைக் காணக்கூடாத ஆட்கள் எங்கள் வீட்டுக்கு வந்த நாட்கள் அவை. காற்றுக் காலம் முடிந்தபோது அந்த வீடும் எங்களுக்கு இல்லாமல் போயிற்று.

உம்மாவின் வாப்பாவை நாங்கள் அப்பா என்று கூப்பிடுவோம். தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது எல்லோரையும்போல உடுத்த உடுப்போடு வந்தவர். வந்த கொஞ்ச நாளில் அவருடைய மனைவி மௌத்தானார். அதற்குப் பிறகு தங்கச்சியை, அதாவது எங்கள் சாச்சியை, வளர்த்தது உம்மாதான். தானே பாவாடை கட்டுகிற வயதில் தங்கச்சிக்குத் தலைவாரி, சோறு தீத்தி, குழாயடியில் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்து வளர்த்தார். சாச்சியும் உம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேதான் பெரியவளானார்.

பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் நம்மில் கலியாணம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். முகாமில் தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் இருந்த அப்பா உம்மாவுக்கு எந்த வீட்டைக் கொடுத்தார்? மன்னாரில் விட்டுவிட்டு வந்த கல்வீட்டைத்தான். நிகாஹ் சபையில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னாராம்: "மூத்தவளுக்கு ஊரில உள்ள கல்வீடும் தென்னங்காணியும். இளையவளுக்கு இந்தக் கொட்டில்." ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தக் காலத்தில் முகாமில் பாதிப் பேர் போய்ப் பார்க்க முடியாத வீடுகளைக் கொடுத்தும் வாங்கியும் சம்பந்தம் செய்துகொண்டிருந்தார்கள். மூத்தவளுக்குப் பெரிய பங்கு என்று மெச்சினார்கள். உம்மாவும் சாச்சியிடம் கொஞ்சம் பீற்றிக்கொண்டதுண்டாம். "எனக்குக் கல்வீடு இரிக்கி, உனக்கு இந்த ஓட்டைக் கொட்டில்தான்" என்று விளையாட்டுக்குச் சொன்னது பிறகு வினையாயிற்று.

நான் பிறந்தபிறகு வாப்பா சவூதிக்கு லொறி ஓட்டப் போனார். கிடுகு போய்க் கல் வந்தது. மண் தரை போய்ச் சீமெந்து வந்தது. முன் அறை, பின் அறை, குசினி, கிணற்றடியில் குளியலறை என்று கொட்டில் வீடாயிற்று. ஒவ்வொரு கல்லும் வாப்பாவின் உழைப்பு. ஆனால் அது யாருடைய வீடு என்று கேட்டால், சபையில் சொன்னபடி சாச்சியுடையது. அதை யாரும் அப்போது நினைக்கவில்லை. பாதை பூட்டிக்கிடந்தவரையில் நினைக்கத் தேவையும் வரவில்லை.

சாச்சிக்கு வயது ஏறிக்கொண்டே போனது. ஒரு சம்பந்தம் முற்றி வந்து, பெண் பார்க்க வந்த பெண்கள் பின் அறையில் தங்கச்சியின் ஏணை தொங்குவதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். "ஊடு பொண்ணுட எண்டியள், உள்ளுக்க வேற ஒரு குடும்பமெல்லா இரிக்கி" என்று தரகரிடம் சொல்லிவிட்டு விலகிவிட்டார்கள். சாச்சி இரண்டு நாள் சாப்பிடவில்லை. அடுத்த சம்பந்தம் கற்பிட்டிப் பக்கத்திலிருந்து வந்தது. மூத்தவள் மன்னாரில் தன் சொந்த வீட்டுக்குப் போய்விட்டாள் என்று அப்பா தரகரிடம் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு வந்துதான் உம்மாவிடம் சொன்னார்.

"ராத்தா, ஒரு ரெண்டு மூணு மணித்தியாலம்தான்" என்றார் சாச்சி. "அவங்க பாத்திட்டுப் போனா நான் மிஸ்கோல் அடிக்கிறன். நீங்க வந்திருங்க."

உம்மா மாவைப் பிசைந்துகொண்டே, "புள்ளைகள எங்க கொண்டுபோற?" என்று கேட்டார்.

"கடற்கரைக்குக் கொண்டுபோங்களன். அதுகளும் ஒண்டும் கண்டதில்லத்தானே."

அப்படித்தான் எங்களுடைய உல்லாசப் பயணங்கள் ஆரம்பித்தன. மாப்பிள்ளை வீட்டார் ஒருதரத்தோடு நிற்கவில்லை, ஞாயிறுக்கு ஞாயிறு புதிதாக யாராவது பார்க்க வந்தார்கள்.

சின்னப் பிள்ளைகளோடு வெளிக்கிடுவது எப்படியென்று உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. சுபஹ் தொழுத கையோடு உம்மா சோறு வடித்து, மாசிச் சம்பலும் கருவாட்டுப் பொரியலும் வைத்து லன்ச் ஷீட்டில் பார்சல் கட்டுவார். பிளாஸ்கில் பிளேன்டீ, துவாயில் சுற்றிய பால் போத்தல், தம்பிக்கு மாற்றுடுப்பு, அவன் பஸ்ஸில் சத்தியெடுத்தால் பிடிக்கப் பிளாஸ்டிக் சிலிசிலி பேக். என் தலையை இழுத்துப் பின்னிவிடுவார். தம்பிக்குச் சப்பாத்து மாட்டியதும் அவனுக்கு ஒன்றுக்கு வரும். தங்கச்சிக்குப் பவுடர் போட்டு முடிப்பதற்குள் என் பின்னல் அவிழ்ந்துவிடும். இத்தனைக்கும் நடுவில் அப்பா முற்றத்தில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டிருப்பார். அவசரப்படுத்துகிறார் என்று எனக்கு அப்போது தெரியாது. எங்களை வழியனுப்ப நிற்கிறார் என்று நினைத்துக் கைகாட்டுவேன்.

கற்பிட்டி பஸ் எப்போதும் நிறைந்துதான் வரும். கொண்டக்டர் "இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட" என்று எங்களை முன்னுக்குத் தள்ளுவார். தங்கச்சியோடு நிற்கிற உம்மாவுக்கு யாராவது எழும்பி இடம் கொடுப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே வெங்காயத் தோட்டங்களில் தண்ணீர் சுழன்று விழும். கருவாட்டு மணம் வர ஆரம்பித்தால் கிட்டிவிட்டோம் என்று அர்த்தம். இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அந்த மனிதர்கள் எங்கள் வீட்டைப் பார்க்க வேனில் இந்தப் பக்கம் வர, நாங்கள் அவர்களுடைய ஊரைப் பார்க்க பஸ்ஸில் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். எந்த வளைவில் எதிரெதிராகக் கடந்தோமோ தெரியாது.

கண்டக்குழியில் காற்று ஆளைத் தூக்கும். மணல் கன்னத்தில் ஊசிபோலக் குத்தும். வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு பலகையில் ஏறித் தண்ணீருக்கு மேலால் ஓடுவார்கள். தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். "உம்மா, அந்த மாமா பட்டத்தோட போயிட்டாரு" என்பான். வலை காயப்போட்ட இடத்தில் மீன் செதில்கள் பொறுக்குவோம். சோற்றில் மணல் நறநறக்கும். அதுவும் ருசியாக இருந்தது. உம்மா கரையில் இழுத்துவைத்த தோணியின் நிழலில், காற்றுக்கு முதுகைக் காட்டி, தங்கச்சியை அபாயாவுக்குள் மூடிக்கொண்டு இருப்பார். ஒருநாளும் கடலில் கால் நனைக்கவில்லை. மடியில் அந்தச் சின்ன டோர்ச் ஃபோன் கிடக்கும். அது ஒருதரம் அடித்து நின்றால் உடனே எழும்பி மணலைத் தட்டுவார். நாங்கள் அழுவோம். வாப்பாதான் சவூதியிலிருந்து அடித்து எங்களை வீட்டுக்குப் போகச் சொல்கிறார் என்று தம்பி நினைத்து, வாப்பாவோடு கோபமாக இருந்தான்.

ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் வீட்டில் எங்களுடைய ஏதாவது ஒன்று குறைந்திருக்கும். முதல் தடவை தங்கச்சியின் ஏணை. கூரை வளையில் கயிறு மட்டும் இருந்தது, சேலையைக் காணவில்லை. அடுத்த முறை கயிறும் இல்லை. என் புத்தகப் பை கோழிக்கூட்டுக்குப் பின்னால் உரப்பைக்குள் கிடந்தது. பை முழுக்கக் கோழிப் பீ மணம். திங்கட்கிழமை வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு இடம் மாறினாள். முன் அறைச் சுவரில் வாப்பா வாங்கி ஒட்டிய அ, ஆ, இ படத்தாள் இருந்தது. அணிலுக்கு வால் நீலமாக அச்சடித்திருக்கும். அதை உரித்துவிட்டார்கள். பசை பிடித்த சதுரம் மட்டும் கொஞ்ச நாள் தெரிந்தது, பிறகு அதற்கு மேலும் சுண்ணாம்பு அடித்தார்கள். தம்பியின் மூன்று சில்லுச் சைக்கிள் யார் வீட்டுக்குப் போனதென்று இன்றுவரை தெரியாது. கேட்டால் சாச்சி, "சாமான் ஒதுக்கக்குள்ள எங்கயோ போயிட்டு மகள்" என்பார். நாங்களும் அப்படித்தான் ஒதுங்கிக்கொண்டிருந்தோம்.

ஒரு ஞாயிறு விடியவே மழை மூட்டம். தங்கச்சிக்குக் காய்ச்சல் வேறு. கடற்கரைக்குப் போக முடியாது. மாப்பிள்ளையின் மாமன்மார் எங்கள் வீட்டைப் பார்க்க வருகிற நாள், வீட்டில் நிற்கவும் முடியாது. உம்மா எங்களைப் பாலாவிச் சந்திக்குக் கொண்டுவந்தார். வேறு போக இடமில்லை. பஸ் நிற்கிற கொட்டிலில் நின்றோம், சாரல் அடித்தது. ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் போய் ஒரு பிளேன்டீயும் இரண்டு பணிஸும் வாங்கி, அதை வைத்துக்கொண்டு பகல் முழுக்க இருந்தோம். சீமெந்து லொறிகள் போகும்போது சாம்பல்நிறச் சேறு கடை வாசல்வரை தெறித்தது. கடைக்காரர் எங்கள் மேசையை மட்டும் திரும்பத் திரும்பத் துடைத்தார். தங்கச்சி உம்மாவின் தோளில் அனலாகக் கிடந்தாள். தம்பி, "கடல் எங்க? கடல் எங்க?" என்று கேட்டு என்னிடம் ஒரு குட்டு வாங்கினான்.

அங்கேதான் வாப்பாவின் வழியில் உம்மாவுக்கு மச்சி முறையான ஒருத்தி எங்களைக் கண்டார். குடையை மடக்கிக்கொண்டு நேரே வந்தார்.

"என்ன மச்சி, காய்ச்சக்காரப் புள்ளையையும் தூக்கிக்கிட்டு மழைக்குள்ள பயணம்? போன கிழமையும் கற்பிட்டி பஸ்ஸில கண்டதாக் கேள்விப்பட்டன்."

"டொக்டருக்கிட்டக் காட்ட வந்த" என்றார் உம்மா.

"ஞாயித்துக்கிழம எந்த டொக்டர்?"

உம்மா தங்கச்சியின் தலைத்துணியைச் சரிசெய்தார். அந்த மனுசி எங்களுக்குத் தலைக்கு ஒரு டொபி கொடுத்துவிட்டுப் போனார். போய்ச் சும்மா இருக்கவில்லை. அடுத்த கிழமை வாப்பா ஃபோனில் சத்தம் போட்டது எனக்கும் கேட்டது. "நான் இங்க வெயில்ல சாகுறன், நீ அங்க புள்ளைகளோட ஊர் சுத்துற." உம்மா ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு, "புள்ளைகளுக்குக் கடலக் காட்டின" என்று மட்டும் சொன்னார். சாச்சியின் கலியாணம் ஒப்பேறும்வரை ஒரு வார்த்தையும் வெளியே போகக்கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கியிருந்தார். கட்டின புருசனிடமும் சொல்லக்கூடாதா? உம்மா சொல்லவில்லை. அதற்காக உம்மாமீதும் எனக்குக் கோபம் உண்டு. மறைக்க என்ன இருக்கிறது, இன்னும் உண்டு.

பிறகு மாப்பிள்ளை வீட்டார் நாள் குறித்தார்கள். அதற்கடுத்த கிழமை முகாமிலிருந்து நாலைந்து குடும்பம் சேர்ந்து வேன் பிடித்து ஊர் பார்க்கப் போனது. அப்பா எங்களையும் ஏற்றினார். காட்டு வழியால் செம்புழுதி பறக்கப் போனோம். அப்பா வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தார். மாமரம் எந்த மூலையில், கிணறு எந்தப் பக்கம், ஹோலில் எத்தனை பேர் பாய்போட்டுப் படுக்கலாம் என்றெல்லாம். அவர் அவ்வளவு சந்தோசமாக இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஊரில் இறங்கியபோது ஊரைக் காணவில்லை. பற்றைக்காடுதான். அப்பா கத்தியால் வெட்டி வெட்டி வழியெடுத்துப் போனார். இரண்டு தடவை பிழையான வளவுக்குள் போய்த் திரும்பினார். கடைசியில் ஓரிடத்தில் நின்று, "இதுதான்" என்றார். கூரையில்லை. நிலையில்லை, கதவில்லை. சுவர்கள் இடுப்பளவில் நின்றன. வீட்டுக்கு நடுவே ஒரு வேப்பமரம் வளர்ந்து வானத்தைப் பார்த்தது. அப்பா சருகுகளைக் காலால் தள்ளினார். அடியில் சிவப்புச் சீமெந்துத் தரை தெரிந்தது. குந்தியிருந்து அதை உள்ளங்கையால் துடைத்தார்.

"பாத்தியா மகள். ஒரு வெடிப்பு இல்ல. அந்தக் காலத்துக் கட்டு."

உம்மா தங்கச்சியை இறக்காமல் நின்றார். இறக்கினால் முள். தம்பி இல்லாத கதவால் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக விளையாடினான்.

"வாப்பா" என்றார் உம்மா. அமைதியாகத்தான் சொன்னார். "இதத் தங்கச்சிக்குக் குடுங்க. நான் புள்ளைகளோட அங்க இருக்கன்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் களவு இருந்திருந்தால் நான் இன்று இவ்வளவு கசந்துபோக மாட்டேன். அவர் உண்மையிலேயே திகைத்துப்போய்ப் பார்த்தார்.

"உனக்குக் குடுத்தத நான் எப்புடி மகள் பறிக்கிற? சபையில சொன்ன சொல்லு. இளையவளுக்கு நல்லதக் குடுத்திட்டு மூத்தவளக் கைவிட்டான் எண்டு ஊர் சிரிக்கும்."

"இதுல நான் புள்ளைகள எங்க கிடத்துற?"

"மருமகன் வந்து கட்டுவாரு. இன்ஷா அல்லாஹ், சுவர உயத்தினாக் காணும்."

அவருடைய கண்ணுக்கு அது வீடு. இருபது வருடம் முகாமில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் அவர் அந்த ஹோலில் நடமாடியிருக்கிறார். கொடுத்ததும் கொடுத்ததுதான், கொடுக்காததும் கொடுக்காததுதான் என்று அவருடைய நீதி மிகவும் நேராக இருந்தது. பொய்யனோடு சண்டை பிடிக்கலாம். இந்த மனிதரோடு என்ன செய்வது? உம்மா அதற்குப் பிறகு அவரிடம் அந்தக் கதையை எடுக்கவேயில்லை. திரும்பி வரும்போது வேனில் எல்லோரும் தங்கள் தங்கள் வீட்டுச் சுவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். யாரோ ஒரு பெண் கிணற்றடியில் பிடுங்கிய கறிவேப்பிலைக் கன்றை மடியில் வைத்திருந்தார். உம்மா தம்பியின் காலிலிருந்து முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவுதான் உம்மா வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். வாப்பா கத்தவில்லை. வெளியே ஓர் இடம் பார்க்கிறேன் என்றார். பாலாவிப் பக்கம் ஒரு வீட்டின் பின்னால் ஓர் அறை எடுத்துத் தந்தார் வாப்பாவின் கூட்டாளி ஒருவர். கலியாணத்துக்கு முந்திய நாள் எங்கள் சாமான்கள் மூன்று உரப்பையில் அங்கே போயின. நான் பிறந்ததிலிருந்து இருந்த வீட்டில் எங்களுக்கு மூன்று உரப்பைதான் இருந்தது என்பது எனக்கே ஆச்சரியம்.

கலியாணத்தன்று உம்மா மன்னாரிலிருந்து வந்த ராத்தாவாக வந்தார். கையில் பயணப் பை, இடுப்பில் தங்கச்சி. நானும் தம்பியும் புதுச் சப்பாத்தோடு, யாராவது கேட்டால் வாயைத் திறக்கக்கூடாது என்ற கட்டளையோடு வந்தோம். முகாம் ஆட்கள் எல்லோருக்கும் விசயம் தெரியும். ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை. நாளைக்குத் தங்கள் வீட்டிலும் கலியாணத்துக்கு ஒரு குமர் நிற்பாள் என்பது அவர்களுக்குத் தெரியும். பிரியாணிச் சட்டி இறக்கிய இடம் தங்கச்சியின் பால்போத்தல் கழுவுகிற இடம். புதுப்பெண்ணை இருத்திய கட்டில் போட்ட மூலை நாங்கள் பாய்விரித்துப் படுத்த மூலை. உம்மா விருந்தாளிகளோடு விருந்தாளியாக முன் அறைக் கதிரையில் இருந்தார். குசினியில் உப்புப் போத்தலைத் தேடி ஒருத்தி அலைந்தபோது உம்மாவின் கை தன்பாட்டில் உயர்ந்து, பிறகு மடிக்குப் போயிற்று.

மாப்பிள்ளையின் உம்மா பருத்த, சிரித்த முகமுள்ள மனுசி. எங்களுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். தங்கச்சியை வாங்கி மடியில் வைத்து மஸ்கட் அல்வா தீத்தினார்.

"நீங்க எப்ப மகள் ஊரால வந்த?"

"காலத்தாலதான் வந்த மாமி."

"ஊரில இன்னும் கரண்ட் இல்லயாமே. சின்னப் புள்ளைகளோட கஷ்டம்தான்."

"ஓம் மாமி. பழகிட்டு."

பின்னேர அஸர்த் தொழுகை தாண்டியது. ஆட்கள் கலைய ஆரம்பித்தார்கள். தம்பி தூக்கக் கலக்கத்தில் சாய்ந்துகொண்டிருந்தான். உம்மா பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். சாச்சியிடம் போய் நெற்றியைத் தடவிவிட்டு வந்தார். சாச்சி தலை நிமிரவில்லை. புதுப்பெண் தலை நிமிரக்கூடாதுதானே, அது அவருக்கு வசதியாகப் போயிற்று. அப்பா முற்றத்தில் மாப்பிள்ளை ஆட்களோடு கைகுலுக்கிக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

மாப்பிள்ளையின் உம்மாதான் வாசல்வரை ஓடிவந்து உம்மாவின் கையைப் பிடித்தார்.

"இந்தப் புள்ளைகளோட இந்த நேரத்தில அவ்வளவு தூரம் எங்க போற? இருந்திட்டு விடியப் போங்க மகள். இவ்வளவு பெரிய ஊட்டுல உங்க நாலு பேருக்கு இடமில்லயா? நான் உள்ளுக்க பாய் போடச் சொல்றன்."

"இல்ல மாமி. போகணும். இன்னொரு நாளைக்கு வாறம்."

"கட்டாயம் வரணும். இது உங்கட ஊடு மாதிரி."

தெருமுனையில் உம்மா தங்கச்சியைத் தோள் மாற்றினார். தம்பியின் கையை என்னிடம் தந்தார். பஸ் நிற்கிற இடம் கண்ணுக்குத் தெரிந்தபோதுதான் சொன்னார், எனக்குச் சொன்னாரோ தனக்கே சொல்லிக்கொண்டாரோ.

"நல்ல மனுசி. அந்த ஊட்டுல என்னய இரி எண்டு சொல்ல அவ ஒருத்திதான் இருந்த."